திமிர் என்றார்கள், நோய் கழுத்தில் இருந்தது

நரம்பு நோய் என்றதும் தள்ளாடி விழும் குதிரைதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். என் குதிரை ராணிக்குத் தள்ளாட்டம் பிறகுதான் வெளியே தெரிந்தது. முதலில் மாறியது குணம். பல வருஷமாக யார் பிடித்தாலும் பின்னாலேயே வந்த பெண் குதிரை, லாயத்து வாசலுக்கு வந்ததும் நின்றுவிடும். கயிற்றை லேசாக இழுத்தால் ஒரே பாய்ச்சலில் ஆளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். இறக்கத்தில் தலையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகரும். லாடக்காரர் பின்னங்காலைத் தூக்கினால் பிடுங்கும், விடாவிட்டால் உதைக்கும். சேணத்தைக் கண்டாலே காது பின்னால் மடியும். பார்த்தவர்கள் எல்லாரும் திமிர் என்றுதான் சொன்னார்கள். "ரெண்டு நாள் என்கிட்ட விடுங்க, சரி பண்ணிடறேன்" என்று சொன்னவர்களும் உண்டு.

நான் விடவில்லை. காரணம், லாடக்காரர் காட்டிய ஒரு விஷயம். கழற்றிய பின்னங்கால் லாடத்தைக் கையில் வைத்துத் திருப்பிக் காட்டினார். வளைவாக இருக்க வேண்டிய முன்விளிம்பு நேர்கோடாகத் தேய்ந்து மெலிந்திருந்தது. பின்பக்கம் புதுசாகவே இருந்தது. "காலை இழுத்து நடக்குதுங்க. உதைக்கிறதை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். அன்று சாயங்காலம் சிமென்ட் தரையில் ஒருவரை விட்டு நடத்திப்போகச் சொல்லிவிட்டு, நான் திரும்பி நின்று காதால் மட்டும் கேட்டேன். காலடிச் சத்தத்துக்கு நடுவே குளம்பு தரையில் உரசும் சத்தம் வந்தது; ஒரு தடவை நீளமாக, ஒரு தடவை குட்டையாக. மூட்டு வலியிலும் குளம்பின் முனை தேயும், அதனால் இதை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. ஆனால் குணம் மாறியிருக்கிறது, குளம்பும் தேய்ந்திருக்கிறது என்றால் பயிற்சியாளரைக் கூப்பிடும் முன் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அதுவும் குதிரைகளைப் பார்த்துப் பழகியவராக இருந்தால் நல்லது.

வந்தவர் நேராக நடக்கவிட்டார். சின்ன வட்டத்தில் சுற்றவிட்டார். அதில்தான் எனக்கே புரிந்தது: வெளிப்பக்கப் பின்னங்கால் தேவையில்லாமல் அகலமாக வீசி வந்தது, உள்பக்கக் கால் ஊன்றிய இடத்திலேயே திருகி நின்றது. பிறகு நடக்கும்போதே வாலைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தார். ஆரோக்கியமான குதிரை உடனே எதிர்த்து நிமிர்ந்துகொள்ளும். ராணி ஒவ்வொரு தடவையும் அவர் பக்கமே சாய்ந்து வந்தது. தலையை உயர்த்திப் பிடித்து மேட்டில் ஏற்றி இறக்கியபோது முன்னங்கால்களும் விறைத்தன. பின்னால் நடக்கச் சொன்னால் கால் இழுபட்டது. அவர் சொன்ன ஒன்றை நான் பலருக்கும் சொல்லியிருக்கிறேன்: நொண்டும் குதிரை ஒவ்வொரு அடியிலும் ஒரே மாதிரி நொண்டும், நரம்பு பாதித்த குதிரையின் அடுத்த அடி எங்கே விழும் என்று சொல்லவே முடியாது. தள்ளாட்டத்துக்கு 0 முதல் 5 வரை ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 0 என்றால் சரியாக இருக்கிறது, 5 என்றால் எழவே முடியாமல் படுத்துவிட்டது. ராணிக்குப் பின்னங்கால்களில் 2, முன்னங்கால்களில் 1.

காரணம் என்ன என்று தேடுவது தனி வேலை. முதலில் கேட்டது வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதைத்தான். குதிரைக்கு வெறிநோய் வந்தால் எப்போதும் கடிக்க ஓடி வரும் என்று நினைக்காதீர்கள். நொண்டலாகவோ வயிற்றுவலி போலவோ விழுங்க முடியாத மாதிரியோகூடத் தொடங்கும், சில நாட்களிலேயே முடிந்தும்விடும். அதனால் காரணம் தெரியாத நரம்புக் கோளாறு உள்ள குதிரையின் வாய்க்குள் யாரும் வெறுங்கையை விடக்கூடாது. தொண்டையில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று கையை விடுவது எல்லா ஊரிலும் நடக்கிற ஆபத்தான வழக்கம். அடுத்ததாகக் காய்ச்சல் இருக்கிறதா, வேறு குதிரைகளுக்கும் வந்திருக்கிறதா என்று பார்த்தார். குதிரை ஹெர்ப்பிஸ் வைரஸின் முதல் வகை நரம்பைத் தாக்கும், மற்ற குதிரைகளுக்கும் பரவும். அந்தச் சந்தேகம் இருந்தால் உடனே தனியாக ஒதுக்க வேண்டும். கொசுவால் வரும் வெஸ்ட் நைல் வைரஸ் உண்டு. ஆசியா, ஆப்பிரிக்காவில் கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா என்ற நோய் உண்டு. வட, தென் அமெரிக்காவில் ஒப்போசம் என்ற சிறு விலங்கின் எச்சத்திலிருந்து வரும் ஒட்டுண்ணி நோய் உண்டு. அது பெரும்பாலும் இரண்டு பக்கத்தையும் சமமாகத் தாக்காது, ஒரு பக்கத் தசை மட்டும் சூம்பும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்றாலும் மூளை கெட்டுப்போகும். ராணிக்குக் காய்ச்சல் இல்லை, இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், மெதுவாக வந்தது. எல்லாம் கழுத்தைக் காட்டின.

எக்ஸ்ரேயில் தெரிந்தது. குதிரையின் கழுத்தில் 7 எலும்புகள். அதில் கடைசி மூன்றுக்கு நடுவே உள்ள மூட்டுகள் தேய்ந்து, வீங்கி, எலும்பு வளர்ந்து, தண்டுவடம் போகும் வழியை நெருக்கிக்கொண்டிருந்தன. இளம் குதிரைக்கு வளரும்போதே இது வருவதுண்டு, வயதான பிறகு மூட்டுவாதத்தாலும் வருவதுண்டு. வாப்ளர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

அறுவை சிகிச்சை இருக்கிறது. இரண்டு எலும்புகளுக்கு நடுவே உலோக உருளையைப் பொருத்தி அவற்றை ஒன்றாக இணைந்துவிடச் செய்வார்கள். 1977-ல் அமெரிக்காவின் ட்ரிபிள் க்ரௌன் குதிரைப் பந்தயப் பட்டத்தை வென்ற சியாட்டில் ஸ்லூ என்ற குதிரைக்கே 2000-ல் இது செய்யப்பட்டது. மறுபடி இனவிருத்திக்குத் திரும்பியது. 2002-ல் இரண்டாவது தடவையும் செய்தார்கள், அதே வருஷம் மே மாதம் அது இறந்தது. இந்த சிகிச்சையில் நன்றாகத் தேறும் குதிரைகள் பொதுவாக அந்தத் தள்ளாட்ட அளவுகோலில் ஒன்றிரண்டு நிலை முன்னேறும், தேறி வர மாதக்கணக்காகும். நான் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ராணிக்கு வயது ஆகிவிட்டது, கெட்டிருந்தது ஒரு மூட்டு மட்டும் இல்லை, மயக்கம் தெளிந்து எழும்போது தள்ளாடும் குதிரை விழுந்து காலை ஒடித்துக்கொள்ளும் அபாயமும் இருந்தது. சின்ன வயதுக் குதிரையாக, ஒரே இடத்தில் நெருக்கமாக இருந்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

சரி, கழுத்தில் நோய் என்றால் வாசலில் ஏன் பாய வேண்டும்? தண்டுவடம் வழியாகத்தான் "உன் கால் இப்போது இங்கே இருக்கிறது" என்ற செய்தி மூளைக்குப் போகிறது. பின்னங்காலுக்கான நரம்புப் பாதைகள் தண்டுவடத்தின் வெளி ஓரத்தில் போவதால், கழுத்தில் நெருக்கினாலும் முதலில் கெடுவது பின்னங்கால்கள். மரத்துப்போன காலோடு மாடிப்படி இறங்குகிற மாதிரிதான் அதன் நிலைமை. கண்ணால் பார்த்துச் சமாளிக்கும் வரை சமாளிக்கும். வெயிலிலிருந்து இருட்டான லாயத்துக்குள் நுழையும்போது குதிரையின் கண் பழகுவதற்கு நம்மைவிட நேரமாகும். அந்தக் கொஞ்ச நேரம் காலும் தெரியாது, தரையும் தெரியாது. குறுகலான வாசலில் இடுப்பு இடிக்கும். அதனால் நிற்கும், இழுத்தால் ஒரே மூச்சில் தாண்டிவிடப் பார்க்கும். லாடக்காரரிடம் உதைத்ததும் அதே கதை. மூன்று காலில் நிற்க முடியவில்லை, விழப்போகிறோம் என்று தெரிகிறது, காலைத் திரும்ப வாங்குவதற்கு அதனிடம் இருப்பது பலம் மட்டும்தான். இறக்கத்தில் தலையைத் தூக்கியது கழுத்து வலி. ஓடித் தப்பிப்பதை நம்பி வாழும் பிராணிக்குக் கால் மேல் நம்பிக்கை போய்விட்டால் எப்போதும் பயத்திலேயே இருக்கும். பிளாஸ்டிக் பை பறந்தால் மிரளும் என்று கேலி செய்கிறோம், ஓட வேண்டி வந்தால் தன்னால் ஓட முடியாது என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டதும் ஒரு இரக்கம் வரும். அந்த இரக்கத்தோடு பக்கத்தில் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால் ஆள் செத்துப்போகலாம். நோய் என்று தெரிந்ததால் ஆபத்து துளியும் குறைவதில்லை. கெட்ட பழக்கம் உள்ள குதிரையாவது தான் விழாமல் பார்த்துக்கொள்ளும். இது அரை டன் எடையோடு எந்தப் பக்கம் விழும் என்று அதற்கே தெரியாது. அதனால் நான் ராணியை மாற்றப் பார்ப்பதைவிட, அது இருக்கும் இடத்தையும் நாங்கள் நடந்துகொள்ளும் முறையையும்தான் மாற்றினேன்.

சவாரி அன்றோடு நின்றது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. நிலை 1தானே, மெதுவாக நடக்கவிடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தடுக்கி விழும்போது சமாளித்து எழுவது குதிரையின் வேலை. அந்த வேலையைச் செய்யும் நரம்புதான் கெட்டிருக்கிறது. இன்னும் நோய் கண்டுபிடிக்கப்படாத நிலையில் சவாரியில் வம்பு செய்யும் குதிரை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: சூ டைசன் என்ற கால்நடை மருத்துவர், சவாரியின்போது வலியைக் காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டிருக்கிறார். காது மடிவது, வாய் திறப்பது, வாலை வீசுவது, தடுக்குவது என்று போகும். அதில் 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் வலி இருக்க வாய்ப்பு அதிகம். யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லி நிதானமாக எண்ணிப் பாருங்கள். சாட்டையை எடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

வாசலை அகலப்படுத்தினேன். உள்ளே பகலிலும் விளக்கு எரியும். வழுக்கும் தரையில் ரப்பர் பாய். தொட்டியையும் தீவனத்தையும் அதன் தலை எந்த உயரத்தில் இருந்தால் கால் அகட்டாமல் நிற்கிறதோ அந்த உயரத்துக்கு மாற்றினோம். மேய விடும் இடம் சமதரை. பள்ளம், கம்பிவேலி மூலை, பழைய மரக்கட்டை எதுவும் இருக்கக் கூடாது. முரட்டுக் குதிரையோடு விடுவதில்லை. அதற்காகத் தனியாகப் பூட்டி வைப்பதும் இல்லை. வயதான, அமைதியான ஒரு துணை இருக்கிறது. துணை படுத்தால்தான் இதுவும் படுக்கும்.

படுப்பது பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் கவனிக்காத இடம் இது. குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் கனவு காணும் ஆழ்ந்த தூக்கம் படுத்தால்தான் வரும். ஒரு நாளில் அரை மணி நேரமாவது அது வேண்டும். எழுந்திருக்க முடியுமா என்ற பயம் உள்ள குதிரை படுக்காது. நாள் கணக்கில் படுக்காமல் இருந்தால் நின்றபடியே ஆழ்ந்த தூக்கத்தில் போய், முழங்கால் மடங்கிச் சரிந்து, திடுக்கிட்டு எழும். அடையாளம் முன்னங்காலில் இருக்கும். குளம்புக்கு மேலே உள்ள மூட்டின் முன்பக்கத்திலும் முழங்காலிலும் முடி உதிர்ந்து, தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்திருக்கும். ராணிக்கு அது இருந்தது. தூங்காத குதிரை இன்னும் எரிச்சலாகும், இன்னும் மிரளும், இன்னும் தள்ளாடும். நோய் முற்றிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். பெரிய கொட்டில், கால் புதையும் அளவு வைக்கோல் படுக்கை, ஓரங்களில் இன்னும் உயரமாக. ராத்திரியில் பார்க்க ஒரு கேமரா. வலிக்கு மருந்து சரியாக அமைந்து, படுக்கத் தொடங்கிய பிறகு, வேறு எந்தப் பயிற்சியாலும் வராத அமைதி அதன் முகத்தில் வந்தது.

மருந்து என்றால், வீங்கிய கழுத்து மூட்டுகளில் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சில குதிரைகளுக்குச் சில மாதங்கள் நன்றாகக் கேட்கும். குளம்பு வீக்கம் வந்த குதிரைக்கும், அது வர வாய்ப்புள்ள குதிரைக்கும் யோசித்துத்தான் போட வேண்டும். ரத்தத்தில் வைட்டமின் ஈ அளவையும் பார்த்தோம். ஒரு மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் போதுமானது. ராணிக்குக் குறைவாக இருந்தது. பச்சைப் புல்லில் வைட்டமின் ஈ நிறைய உண்டு, காய்ந்த புல்லில் போய்விடும். வருஷம் முழுக்கக் காய்ந்த புல்லே தின்னும் எந்தக் குதிரைக்கும் இதைப் பார்ப்பது நல்லது. சில குதிரைகளில் இந்தக் குறையே நரம்பைச் சிதைத்துத் தள்ளாட்டம் கொண்டுவரும். ஆரோக்கியமான குதிரைக்கு ஒரு நாளைக்கு உடல் எடை கிலோவுக்கு 1 முதல் 2 யூனிட் போதும். நரம்பு பாதித்தவற்றுக்கு மருத்துவர்கள் கிலோவுக்கு 10 யூனிட் வரை போவார்கள். இயற்கை வகை வைட்டமின் ஈ, செயற்கை வகையைவிட நன்றாகச் சேரும். செலினியம் கலந்த டப்பாவை வாங்கி அளவைக் கூட்டிவிடாதீர்கள், செலினியம் மிஞ்சினால் விஷம். வைட்டமின் எலும்பு நெருக்கத்தைச் சரி செய்யாது, இருக்கும் நரம்புக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான்.

லாடம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பின்னங்கால் லாடத்தை எடுத்துவிட்டோம், இப்போது குளம்பைச் சீவுவது மட்டும்தான். காலைத் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தூக்குவதில்லை. சுவர் ஓரமாக நிறுத்தினால் அது சாய்ந்துகொள்ளும். லாடக்காரர் தப்பிக்கும் பக்கம் திறந்திருக்கும், அவருக்கும் சுவருக்கும் நடுவே குதிரை. கொஞ்சம் சீவுவார், அது கேட்கும் முன்பே காலை விடுவார், மறுபடி எடுப்பார். ஒரே நாளில் நான்கு குளம்பையும் முடிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. மயக்க ஊசி போட்டுச் சீவலாமே என்பார்கள்: நல்ல குதிரையையே தள்ளாட வைக்கும் மருந்து அது. மருத்துவர் பக்கத்தில் நின்று, குறைந்த அளவில் போட்டால் மட்டுமே சரி.

இவ்வளவும் செய்து வலி குறைந்த பிறகும் வாசலில் பாய்வது முழுதாகப் போகவில்லை. நோய் கொண்டுவந்த நடத்தை கொஞ்ச நாளில் பழக்கமும் ஆகிவிடுகிறது. பாய்ந்தால் பயம் முடிகிறது என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. அதை அடித்து மறக்கடிக்க முடியாது. ஒரு கம்பின் நுனியில் பந்தைக் கட்டி, அதை மூக்கால் தொட்டால் ஒரு வாய் தீவனம் என்று பழக்கினோம். திறந்தவெளியில் தொடங்கி, வாசலுக்கு வெளியே, வாசற்படியில், உள்ளே என்று பந்தை நகர்த்திக்கொண்டே போனோம். எப்போது வேண்டுமானாலும் நின்று பார்த்துக்கொள்ளலாம், யாரும் இழுக்க மாட்டார்கள் என்பது அதற்குப் பிடிபட்டதும் நடையில் அவசரம் போனது. நடத்திப் போகும்போது தோளருகே நிற்கிறோம், பின்னால் யாரும் நிற்பதில்லை. சரிவில் எப்போதும் மேட்டுப் பக்கம். நீளமான கயிறு, கையில் சுற்றக்கூடாது. தலைக்கவசம் எப்போதும். கெட்டியாகக் கட்டிப்போடுவதே இல்லை. கழுத்து இறுகிப் பின்னால் இழுத்தால் அதுவே காயத்தைப் பெரிதாக்கும். குழந்தைகள் கொட்டிலுக்குள் வருவதில்லை. வாசலில் ஒரு பலகை தொங்குகிறது: நரம்பு நோய் உள்ள குதிரை, தெரியாதவர்கள் தொட வேண்டாம்.

விற்றுவிடலாமே என்று நிறையப் பேர் யோசனை சொன்னார்கள். நோயை மறைத்து விற்றால் வாங்குபவர் சேணம் போட்டு ஏறுவார். சொல்லி விற்றாலும் அடுத்தடுத்த கை மாறும்போது அந்தச் செய்தி காணாமல் போகும். தொடர்ந்து வைத்துக்கொள்ள முடியாதவர்கள் மருத்துவரிடம் பேசிக் கருணையோடு முடித்துவிடுவதை நான் மதிக்கிறேன். அதைக் கைகழுவுதல் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மாதத்தில் ஒருநாள், அதே தரையில், அதே வட்டத்தில், வாலை இழுத்து, பின்னால் நடக்கவிட்டு வீடியோ எடுக்கிறோம். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெதுவான சரிவு தெரியாது, பழைய வீடியோவோடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எப்போது போதும் என்று நிறுத்துவது என்பதையும் அது நன்றாக இருக்கும்போதே மருத்துவரோடு உட்கார்ந்து எழுதி வைத்தோம். தானாக எழ முடியாமல் இரண்டாவது தடவை படுத்துவிட்டால்; நிலை 3-ஐத் தாண்டினால்; மருந்து கொடுத்தும் படுத்துத் தூங்காவிட்டால்; கையாள்பவர் ஒருவருக்கு அடிபடும் நிலை வந்தால். இந்த நான்கில் ஏதாவது ஒன்று நடந்தால் பேச்சுவார்த்தை கிடையாது. நான் ஊரில் இல்லாவிட்டால் யார் கையெழுத்துப் போடலாம், எந்த மருத்துவரைக் கூப்பிடுவது, விழுந்து கிடந்தால் முதுகுப் பக்கமாக மட்டும்தான் அருகே போவது, கால்களுக்கு நடுவே யாரும் நுழையக் கூடாது என்பதெல்லாம் அதே தாளில் இருக்கிறது. ஒரு பிரதி கொட்டில் கதவில், ஒன்று மருத்துவரிடம், ஒன்று லாடக்காரரிடம்.